நச்சு வாயுவுக்கு ரத்தமே சாட்சி

2013 ஆகஸ்ட் 21 அதிகாலை, சிரியத் தலைநகர் டமாஸ்கஸை ஒட்டிய கூத்தா பகுதியில் ராக்கெட்டுகள் விழுந்தன. நூற்றுக்கணக்கானோர் உடலில் காயமே இல்லாமல் மாண்டார்கள். ஐ.நா. ஆய்வுக் குழு அங்கே கால்வைக்க ஐந்து நாளாயிற்று. அதற்குள் காற்றில் இருந்த நஞ்சு கலைந்துவிட்டது. மண்ணிலும் ராக்கெட் சிதறல்களிலும் தடயம் கிடைத்தது; ஆனால் அதை யாரோ கொண்டுவந்து போட்டார்கள் என்று வாதாடலாம். பிழைத்தவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோரிடம் எடுத்த ரத்த மாதிரிகளில் பெரும்பாலானவை சாரின் என்ற நரம்பு நஞ்சைக் காட்டியபோது அந்த வாதம் பலவீனமானது. ரசாயன ஆயுத விசாரணையில் ரத்தத்தைவிட வலுவான சாட்சி குறைவு. ஆனால் அந்த வலுவில் பாதிதான் வேதியியல் தருவது. மறுபாதி, ரத்தக் குப்பி யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தது.

முதலில் வேதியியல். உடலில் நுழையும் சாரினின் பெரும்பகுதி சிதைந்து சில நாட்களில் சிறுநீரில் போய்விடும். கொஞ்சம் மட்டும் ரத்தத்திலுள்ள பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியில், பூட்டுக்குள் ஒடிந்த சாவியைப்போலச் சிக்கிக்கொள்கிறது. அந்த நொதி ரத்தத்தில் இருக்கும் வரை, அதாவது சில வாரங்களுக்கு, தடயமும் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஃப்ளோரைடு சேர்த்தால் ஒட்டிய துண்டு கழன்று மறுபடி சாரினாகவே வெளிவரும். நெதர்லாந்தின் டிஎன்ஓ ஆய்வகம் 1990களில் உருவாக்கிய இந்த முறை, 1995 டோக்கியோ சுரங்க ரயில் தாக்குதலில் பாதிக்கப்பட்டோரின் ரத்தத்தில் சாரினைக் காட்டியது. இன்னொன்று, பெப்சின் கொண்டு நொதியை நறுக்கி, நஞ்சு ஒட்டிய ஒன்பது அமினோ அமிலத் துண்டை மட்டும் பிரித்து நிறை நிறமாலைமானியில் எடை பார்ப்பது. மற்றொரு ரசாயன ஆயுதமான கந்தக மஸ்டர்ட் வாயுவோ ஹீமோகுளோபினில் ஒட்டுகிறது; சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் மாதக்கணக்கில் தடயம் நிற்கும்.

பூச்சிமருந்தும் இதே நொதியைத்தானே முடக்குகிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நம் மருத்துவமனைகளில் பூச்சிமருந்து குடித்தவர்களுக்குச் செய்யும் கோலினெஸ்டரேஸ் பரிசோதனை நொதியின் வேகத்தை மட்டும் அளக்கிறது. முடக்கியது எது என்று அது சொல்லாது. ஒட்டிய துண்டு சொல்லும். சாரின் விட்டுச்செல்லும் துண்டில் பாஸ்பரஸோடு ஒரு கார்பன் நேரடியாகப் பிணைந்திருக்கும். வயலில் தெளிக்கும் வழக்கமான ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளின் துண்டில் அந்தப் பிணைப்பு கிடையாது.

அடுத்த ஆட்சேபம் இதைவிடக் கடினமானது. நல்ல ரத்தக் குப்பியில் யாராவது சாரினைக் கலந்துவிட்டால்? அப்போதும் நொதியில் அதே துண்டு ஒட்டும். எந்தக் கருவியானாலும் ஏமாந்துபோகும். இதற்கு விடை ஆய்வகத்தில் இல்லை. ஆய்வாளர்கள் கண்முன்னே ரத்தம் எடுப்பது, அங்கேயே முத்திரையிடுவது, கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிவு செய்வது, மாதிரியைப் பிரித்து ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்புவது ஆகியவைதான் விடை. கூத்தாவில் கிடைத்த முடிவு எடுபட்டதற்கு இந்த ஒழுங்கும் காரணம்.

வீசியவர் யாரென்று ரத்தம் சொல்லாதே, பிறகென்ன பயன் என்பாரும் உண்டு. உண்மைதான், கூத்தாவுக்குப் போன குழுவுக்கே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் தரப்படவில்லை. ஆனால் குற்றம் நடந்ததா என்பது தீராமல், செய்தது யார் என்ற விசாரணை நகராது. நஞ்சு வீசப்பட்டதென்று உறுதியான பிறகு பேச்சு அடுத்த கேள்விக்குப் போயே ஆகவேண்டும். ஆகவே விலையுயர்ந்த கருவிகளுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்காவது, சிகிச்சை தரும் மருத்துவமனையிலேயே முதல் நாளில் ரத்தம் எடுத்து, முத்திரையிட்டு, குளிர்பெட்டியில் காக்கும் பயிற்சிக்குப் போகவேண்டும். தாமதமும் ஒழுங்கின்மையும் மறுப்பவர்களுக்கே உதவும்.