முள்ளில் இருக்கிறது விலாசம்

குளத்திலும் வாய்க்காலிலும் துள்ளும் விரல்நீளக் கெண்டைகளை நெடுங்காலம் புன்டியஸ் என்ற ஒரே பேரினத்தில் போட்டு வைத்திருந்தார்கள். இடம் தெரியாத சாமானையெல்லாம் ஏற்றிவைத்த பரண் மாதிரிதான் அது. 2012இல் ரோஹன் பெத்தியகொட உள்ளிட்ட மூன்று இலங்கை ஆய்வாளர்கள் தெற்காசிய வகைகளை ஐந்து பேரினங்களாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று பெத்தியா. தொட்டியில் வளர்க்கும் ரோசி பார்ப் இந்த வீட்டுப் பிள்ளை.

எப்படி அடையாளம் காண்பது? முதுகுத் துடுப்பை விரித்து, கிளை பிரியாத கடைசி முள்ளைப் பாருங்கள். பெத்தியாவில் அது விறைப்பானது. பின்விளிம்பு முழுக்க ரம்பப் பற்கள். ஊசி முனையை அதன்மேல் இழுத்தால் தட்டித் தட்டி நிற்கும். புன்டியஸில் அதே விளிம்பு வழுவழுப்பு. அடுத்து வாயோரம்: புன்டியஸுக்கு ஒரு ஜோடி மீசை உண்டு, பெத்தியாவுக்கு இராது, இருந்தாலும் லென்ஸில்தான் தெரியும். ரம்பமும் இரண்டு ஜோடி மீசையும் சேர்ந்திருந்தால் அது சிஸ்டோமஸ் என்ற இன்னொரு பேரினம்.

நிறம் ஏன் உதவாது? இணைசேரும் பருவத்தில் ஆண் சிவந்துவிடும். ஸ்பிரிட்டில் போட்டால் அந்தச் சிவப்பும் வெளிறிவிடும். வாலடியிலுள்ள கறுப்புப் பொட்டு தாக்குப்பிடிக்கும்தான். ஆனால் டாகின்சியா என்ற மற்றொரு பேரினத்திலும் அப்படியொரு பொட்டு உண்டு. அப்போதும் முள்ளைத்தான் தடவிப் பார்க்க வேண்டும்: டாகின்சியாவுக்கு ரம்பம் கிடையாது.