ஸ்ரான்லிக் கிண்ணமும் நம்மவர் முன்கணிப்பும்

பனிக்கட்டியை மீன்பெட்டியிலன்றி வேறெங்கும் காணாத நாயாற்றுக் கரையிலிருந்து ஐஸ் ஹொக்கியைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவித்தல் கூடும். எனினும் அதற்குத் தக்க காரணம் உண்டு. எம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று கனடாவிலே ரொறன்ரோ நகரிலும் அதன் அயலிலும் வாழ்கின்றனர். சித்திரை பிறந்ததும் அவர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்களில், நலம் விசாரித்தலுக்கு அடுத்தபடியாக இடம்பெறுவது, “இம்முறை கிண்ணம் எவருக்கு?” என்னும் ஆராய்ச்சியேயாகும். அவ்வாராய்ச்சி எத்துணை நம்பத்தக்கது என்பதை எண்கணிதத்தின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் போட்டியின் அமைப்பைக் கூறுவாம். வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கிலே ஐப்பசி தொடக்கம் சித்திரை வரை சாதாரணப் பருவம் நடைபெறும். 2024-25 பருவத்தில் 32 அணிகள், ஒவ்வொன்றும் 82 ஆட்டங்கள் வீதம் ஆடின. அவற்றுள் 16 அணிகளே இறுதிக்கட்டத்துக்குத் தெரிவு செய்யப்படும். அதன்பின் நான்கு சுற்றுக்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டிரண்டு அணிகள் தம்முள் ஏழு ஆட்டங்கள் வரை மோதும். முதலில் நான்கு ஆட்டங்களை வென்ற அணி மேலே செல்லும். மற்றையது வீடு திரும்பும். ஆகவே ஸ்ரான்லிக் கிண்ணத்தைக் கைப்பற்ற விரும்பும் அணிக்கு 16 வெற்றிகள் வேண்டும்.

ஒரே ஆட்டத்தில் முடிவு காணாது, ஏழு ஆட்டங்கள் வைப்பது எதற்காக? சோளகக் காலத்தில் எம் கரையிலே கரைவலை இழுப்போரைக் கேட்டால் விடை கிடைக்கும். எந்தச் சம்மாட்டியும் ஒரு நாள் இழுத்த வலையைக்கொண்டு அப்பருவத்தை மதிப்பிடுவதில்லை. இன்று வலை வெறுமையாக வரும்; நாளை நிறைந்து வரும். பல நாட் கணக்கே பாட்டின் வளத்தைக் காட்டும். ஐஸ் ஹொக்கியும் அத்தகையதே. 60 நிமிட ஆட்டத்திலே ஓரணி மூன்று கோல்கள் போடுவதே பெரும்பாலும் வழக்கு. கோல்கள் குறைந்த விளையாட்டில் தற்செயலுக்கு இடம் அதிகம். அடித்த தட்டு ஒருவர் காலிற் பட்டுத் திசை மாறினாலும், எதிரணியின் கோற்காப்பாளர் அன்று அசாதாரணமாகத் தடுத்தாலும், வலிய அணி வீழ்ந்துபோம். 1936 இல் டெற்றோயிற் அணியும் மொன்றியல் மறூன்ஸ் அணியும் ஆடிய ஆட்டம் ஆறாவது மேலதிகப் பகுதிவரை நீண்டு, ஒரேயொரு கோலினாலே தீர்ந்தது. இத்தகைய தற்செயலைக் குறைத்தற்பொருட்டே ஏழு ஆட்டங்கள் வைக்கப்பட்டன.

குறைத்தல் வேறு, ஒழித்தல் வேறு. இதனைக் கணக்கிட்டுக் காண்போம். ஓரணி தன் எதிரணியுடன் ஆடும் நூறு ஆட்டங்களில் 60 ஐ வெல்லத்தக்க வலிமையுடையது எனக் கொள்வோம். ஏழு ஆட்டத் தொடரில் அது வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 71 ஆக உயர்கின்றது. நன்று. ஆனால் கிண்ணம் பெற அத்தகைய தொடர்கள் நான்கை அடுத்தடுத்து வெல்லவேண்டும். 71 சதவீதத்தை நான்குமுறை பெருக்கினால் எஞ்சுவது ஏறக்குறைய 25 மாத்திரமே. எதிர்ப்படும் எல்லா அணிகளிலும் தெளிவாக மேம்பட்டதோரணியும், நான்கு முறையில் மூன்று முறை வெறுங்கையுடன் திரும்பும் என்பதே இதன் பொருள். இனி, 15 தொடர்களின் முடிவையும் நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொல்ல முற்படுவோர், அனைத்தையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 32,768 இல் ஒன்றேயாகும்.

வரலாறும் இக்கணக்குக்குச் சான்று பகர்கின்றது. 2018-19 சாதாரணப் பருவத்தில் 62 ஆட்டங்களை வென்ற தம்பா பே அணி, முதற் சுற்றிலேயே கொலம்பஸ் அணியிடம் நான்கு ஆட்டங்களையும் இழந்தது. 2022-23 இல் 65 வெற்றிகளும் 135 புள்ளிகளும் பெற்றுப் புதிய சாதனை நிலைநாட்டிய பொஸ்ரன் அணி, மூன்றுக்கு ஒன்று என முன்னணியில் நின்றும் புளோரிடா அணியிடம் முதற் சுற்றிலே தோற்றது. அதே புளோரிடா 2024 இலும் 2025 இலும் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

ரொறன்ரோ அணியின் கதையோ நம்மவரின் நெஞ்சை நேரே தொடுவது. 1942 இறுதித் தொடரில் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்தபின் நான்கையும் வென்று கிண்ணம் பெற்ற அணி அது. 1967 இற் பெற்ற கிண்ணத்தின் பின் 2025 வரை அதற்கு மற்றொன்று வாய்க்கவில்லை. 2013 இல் பொஸ்ரனுடன் நடந்த ஏழாவது ஆட்டத்தில் 4-1 என முன்னின்று, இறுதி 90 விநாடிகளுக்குள் இரண்டு கோல்களைக் கொடுத்து, மேலதிக நேரத்தில் 5-4 எனத் தோற்றது. 2023 இலே தான் 2004 இற்குப் பின் முதன்முறையாக ஒரு தொடரை வென்றது. 2025 இல் புளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தில் 6-1 என வீழ்ந்தது. இவ்வளவுக்குப் பின்னரும் நம்மவர் ஆண்டுதோறும், “இம்முறை ரொறன்ரோதான்” என்று கூறுவர். அது கணிப்பன்று, பற்று. புகுந்த ஊரைத் தம் ஊராக ஏற்றுக்கொண்டதன் அடையாளம். அதனை நாம் குறைகூறோம்.

நிற்க. எமது முன்கணிப்பு யாதென நேயர்கள் வினவுவர். இனிவரும் பருவங்களுக்கும் பொருந்துமென எண்ணி மூன்று கூறுவாம். ஒன்று, சாதாரணப் பருவத்தில் முதலிடம் பெறும் அணி கிண்ணத்தைப் பெறாதுபோதலே பெரிதும் நிகழத்தக்கது. 2014 முதல் 2025 வரை ஒருமுறையேனும் அவ்வாறு பெற்றதில்லை. இரண்டு, முதற் சுற்றின் எட்டுத் தொடர்களில் ஒன்றிலேனும் எளிய அணி வலிய அணியை வீழ்த்தும். மூன்று, பெயர்பெற்ற கோலடிப்போரைக் காட்டிலும் அக்காலத்தில் உடனலத்துடன் திறம்பட ஆடும் கோற்காப்பாளரே ஒரு தொடரின் போக்கை மாற்றவல்லவர்.

இவற்றுக்கு அப்பால் இன்ன அணியே வெல்லும் என அறுதியிட்டுரைப்போரிடத்து எச்சரிக்கை வேண்டும். 2021 ஆவணியிற் கனடாவிலே தனி ஆட்டங்களின்மீது பந்தயம் கட்டுதல் சட்டபூர்வமாயிற்று. 2022 சித்திரை தொடக்கம் ஒன்ராறியோ மாகாணத்தில் தனியார் இணையவழிப் பந்தய நிறுவனங்களும் அனுமதி பெற்றன. அன்றுதொட்டு முன்கணிப்பு வெறும் திண்ணைப் பேச்சாயில்லாது பணப்பையைத் தொடும் காரியமாயிற்று. நூற்றுக்கு 25 என்னும் வாய்ப்பை உறுதியெனக் கருதிக் குடும்பத்தின் ஊதியத்தை வைப்பவன், தான் நேசிக்கும் விளையாட்டையே தன் பகையாக்கிக்கொள்கின்றான். உழைத்துச் சேர்த்த பொருளின் அருமையை இழந்து அறிந்தவர் நம் வன்னி மக்கள். அவர்தம் பிள்ளைகளுக்கு இக்கணக்கைக் கற்பித்தல் மூத்தோர் கடன்.

விருப்பத்தை விருப்பமாகவும் கணக்கைக் கணக்காகவும் வைத்துக்கொண்டால் இரண்டாலும் இன்பம் உண்டு. கடல் கடந்த எம் தோழர்காள்! அடுத்த சித்திரையிலும் அழையுங்கள். உங்கள் கணிப்பைக் கேட்போம். எங்கள் கணக்கைக் கூறுவோம். பந்தயம் மாத்திரம் வேண்டாம்.