வேக வரம்பு இல்லாத தீவும் பழைய பிரேக்கும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நண்பர் ஒருத்தர், தன் கூட்டாளிகளோடு மான் தீவைச் சுற்றி வரத் திட்டம் போடுகிறார். ஏன் அந்தத் தீவுன்னு தேடிப் படித்தேன்.

1904-இல் பிரிட்டனில் வேக வரம்பு மணிக்கு 20 மைல். பந்தயத்துக்காகச் சாலையை மூடவும் வழியில்லை. தனி நாடாளுமன்றம் உள்ள மான் தீவு சட்டம் போட்டுச் சாலையை மூடிக் கொடுத்தது. கார்டன் பென்னட் கோப்பைக்கான தேர்வுப் போட்டி அங்கே நடந்தது. இன்றும் ஊருக்கு வெளியே பல சாலைகளில் வேக வரம்பு கிடையாது.

நண்பருக்கு அதுதான் ஆசை. எனக்குப் பயமெல்லாம் இறக்கத்தில்தான். ராம்சேயிலிருந்து டக்ளஸ் போகும் மலைச்சாலை 420 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. அவருடைய 1956 எம்.ஜி.ஏ.வில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். விடாமல் மிதித்தால் டிரம் சூடாகி விரியும், லைனிங்கின் பிடிப்பும் குறையும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினையே வண்டியைப் பிடிக்க விடணும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கணும்.

இதைச் சொன்னதும் திட்டத்தை மாற்றினார். உச்சிக்குச் சற்று முன்னால் பங்களோ ரயில் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு, ஸ்னேஃபெல் மலைக்கு ரயிலில் போவார்களாம். திரும்பி வந்து, கியரைக் குறைத்து நிதானமாக இறக்கம்.