வேலைக்குப் போகும் தாயும் உமர் (ரலி) மாற்றிய சட்டமும்

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் குழந்தைகளுக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்கப்பட்டது. தொடக்கத்தில் பால்குடி மறந்த குழந்தைக்கே அது கிடைத்தது. ஓர் இரவு ஓயாமல் அழுத குழந்தையின் தாயிடம் காரணம் கேட்டார்கள். தொகைக்காகவே முன்கூட்டிப் பாலை நிறுத்துவதாக அந்தத் தாய் சொன்னார். உடனே, பிறந்ததிலிருந்தே தொகை உண்டு என்று சட்டத்தை மாற்றினார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

சட்டத்தின் நோக்கம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அது வீட்டுக்குள் என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டம், முதல் இரு பிள்ளைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. 50 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்ய வேண்டும். தாய் தினமும் 4 முறை போய்ப் பார்க்கலாம். இவ்வுரிமைகளை வேலையில் சேரும்போதே எழுத்தில் தெரிவிப்பதும் முதலாளியின் கடமை. இதைக் கேட்டுப் பெறுங்கள்.

ஆனால் சிறு கடையில் நிற்பவருக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் இந்தக் காப்பகம் இல்லை. அவர்களுக்கு 1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டமே துணை. அச்சரப்பாக்கத்திலிருந்து மறைமலை நகர் வரை வேலைக்குச் செல்லும் தாய், அங்கன்வாடி திறக்குமுன் கிளம்பி, மூடிய பின்பே திரும்புவார். 6 மாதம் முதல் 6 வயது வரையிலான பிள்ளைகளுக்கான மத்திய அரசின் 'பால்னா' காப்பகமும் நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம்தான். எட்டு மணி நேர ஷிப்டும் பயணமும் அதற்குள் அடங்காது.

பிள்ளை வளர்ப்பு பெண்ணின் வேலை என்று ஆண்கள் ஒதுங்கவும் இடமில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்து பேசி முடிவு செய்யச் சொல்கிறது.

ஜமாஅத்தாரும் ஒன்று செய்யலாம். பல மஹல்லாக்களில் மக்தப் கட்டடம் காலையிலும் மாலையிலும் மட்டுமே பயன்படுகிறது. பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கிறது. பயிற்சி பெற்ற பெண்கள் இருவரை நியமித்து, முறையான அனுமதியுடன், எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் அதைக் காப்பகமாகத் திறந்துவிடலாம்.

குழந்தையின் அழுகுரல் கேட்டு, தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையையே சுருக்கியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஜமாஅத் கூட்டத்திலேயே இதைப் பேசுவோம்.