மேசை மேல் ஒரு மில்லிங் பட்டறை

கிட்ட வாருங்கள், இன்னும் கிட்ட! இதுதான் 3018. வீட்டிலேயே சிஎன்சி, அதாவது கணினி வழி செதுக்கல், பழக ஆசைப்படுகிறவர்கள் பலர் முதலில் வாங்கும் குட்டி இயந்திரம். பெயரிலேயே அளவு இருக்கிறது: 30 சென்டிமீட்டருக்கு 18 சென்டிமீட்டர். மரம், அக்ரிலிக், பிசிபி தகடு எல்லாம் செதுக்கும். பொறுமையாக ஓட்டினால் அலுமினியத்தைக்கூடச் சீவும்!

பின்பக்கத்து போர்டைப் பாருங்கள். பெரும்பாலும் ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் அதே சிப்தான். அதில் ஓடுவது ஜிஆர்பிஎல். 2009இல் நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் தொடங்கி, எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட மென்பொருள். கம்ப்யூட்டரிலிருந்து ‘ஜி0 எக்ஸ்50’ (எக்ஸ் திசையில் 50க்கு நகர்) என்று ஒரு வரி வந்தால் போதும், மோட்டார் கிளம்பிவிடும். அது ஒரு சுற்றுக்கு 200 படி வைக்கிறது. ஒவ்வொரு படியையும் மோட்டாரை ஓட்டும் டிரைவர் சிப் 16 ஆகப் பிரிக்கிறது. ஒரு சுற்றில் திருகு நகர்த்துவது 4 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் மில்லிமீட்டருக்கு 800 நுண்படி! சட்டம் லேசாக வளையும், திருகில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அத்தனை துல்லியமும் கைக்கு வராதுதான். ஆனாலும் ஹெலிகாப்டர் இறக்கை வடிவத்துக்காக, எண்களைக் கொண்டே இயந்திரத்தை ஓட்ட ஜான் பார்சன்ஸ் யோசித்த வழி, 1952இல் எம்ஐடியில் துளையிட்ட காகித நாடாவும் வெற்றிடக் குழல்களுமாக ஓடிக் காட்டிய வித்தை, இன்று நம் மேசையில்!

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம்: ஜீரோ செட் பண்ணுவது, அதாவது மரத்தின் மேற்பரப்பு எங்கே என்று இயந்திரத்துக்குச் சொல்வது. கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் ஓடக்கூடாது. மரத்தின் மேல் ஒரு சாதாரணத் தாளை வைத்து, விரலால் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே கட்டரைத் துளித்துளியாக இறக்க வேண்டும். வழுக்கிக்கொண்டிருந்த தாள் திடீரென்று லேசாகப் பிடிக்கும். அங்கே நிறுத்துங்கள்! தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், மரத்தின் மேற்பரப்பு அதற்கு நேர் கீழே.

மெதுவாக ஓட்டினால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். நிமிடத்துக்கு 10,000 சுற்று, இரண்டு பல் கட்டர், 600 மில்லிமீட்டர் ஃபீட் என்றால் ஒரு பல் கடிப்பது 0.03 மில்லிமீட்டர். அதைவிட ரொம்பக் குறைத்தால் கட்டர் வெட்டாமல் தேய்க்கும், சூடேறும், மரம் கருகும். மாவாகக் கொட்டாமல் சுருள் சுருளாகச் சீவல் பறக்க வேண்டும். அந்தச் சத்தமே தனி!

முதல் வேலைக்கு மென்மரத் துண்டும் வி-பிட்டும் (கூர்முனைக் கட்டர்) எடுத்து உங்கள் வீட்டுப் பெயர்ப்பலகையைச் செதுக்குங்கள். எம்டிஎஃப் என்றால் தூசு மோசம், முகமூடி கட்டாயம். கிளாம்ப் இறுக்கியாச்சா? பாதுகாப்புக் கண்ணாடி போட்டாச்சா? சுழல் வேகத்தையும் சேர்த்து எம்3 கட்டளையை அனுப்புங்கள், ஸ்பிண்டில் சுற்றட்டும்!