மகசூலும் தாசிலும்

தை அறுவடை முடிந்த சமயம். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பர் சந்நிதிக்கருகே ஒரு பெரியவர் நெல் மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறிக் கொண்டிருந்தார். "மகசூல் எப்படி?" என்று கேட்டோம்.

"பரவாயில்லை ஐயா. கடன் வசூலுக்கு ஆள் வருவதற்கு முன்னே அழகருக்கு உள்ளதை அளந்துவிட வேண்டாமா?" என்றார்.

அந்தப் பெரியவரிடம் மகசூல் என்பது அரபுச் சொல் என்று சொன்னால் நம்மைச் சந்தேகத்துடன் பார்ப்பார். ஆயினும் உண்மை அதுதான்.

அரபு பாஷையில் பெரும்பாலான சொற்களுக்கு மூன்று மெய்யெழுத்துக்களே தாது. அவற்றின் முன்னும் இடையிலும் வேறு ஒலிகள் புகுந்து பொருளை மாற்றும். ஹ, ஸ, ல என்னும் மூன்றும் சேர்ந்தால் 'கிடைத்தல், உண்டாதல்' என்று பொருள். 'ஹாஸில்' என்றால் விளைவு. 'மஹ்ஸூல்' என்றால் விளைபொருள். 'தஹ்ஸீல்' என்றால் திரட்டுதல். கல்வியைத் திரட்டுவதற்கும் இதே சொல்தான். நம் தமிழிலும் 'விளை' என்னும் ஒரே வேரிலிருந்து விளைச்சலும் விளைவும் பிறந்திருப்பதை வாசகர்கள் ஒப்பிட்டு மகிழலாம்.

தஹ்ஸீலுடன் பாரசீக 'தார்' சேர்ந்து தாசில்தார் ஆயிற்று. மஹ்ஸூலில் இருந்த ஹகரம் தமிழ் நாவில் ககரமாகியது; தஹ்ஸீலில் அது கரைந்தே போயிற்று. ஆகவேதான் வயலில் விளைந்ததும் அதற்குத் தீர்வை கேட்டு வந்த அதிகாரியும் ஒரே குடும்பம் என்பது நம் காதுக்குத் தெரிவதில்லை. உருவத்தில் உறவுபோல் தோன்றும் வசூலோ வேறு தாதுவைச் சேர்ந்தது. 'வந்து சேர்தல்' என்பது அதன் மூலப்பொருள். கடன்காரர் வந்து சேருவதைத்தான் பெரியவர் சொன்னார் போலும்!

இச்சொற்கள் ஆர்க்காட்டு நவாபுகளின் பாரசீகக் கணக்கேடுகள் வழியே இங்கே வேரூன்றின. 1801-ல் கர்நாடக ஒப்பந்தத்தால் அதிகாரம் கும்பினியார் கைக்கு மாறிய பின்னும், வரிக் கச்சேரியில் சொற்கள் மாறவில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. மராட்டியில் மகசூல் என்றால் வரி. மகாராஷ்டிர அரசின் வருவாய் இலாகாவுக்கே அதுதான் பெயர். ஹிந்தியிலும் வரி, சுங்கம் என்ற பொருளே ஓங்கி நிற்கிறது. தமிழ்க் குடியானவரோ வரியைத் தள்ளிவிட்டு விளைந்த நெல்லை வைத்துக் கொண்டார். அரபு நாட்டு உழவனும் அப்பொருளிலேயே வழங்குகிறான்.

மகசூலை விலக்கி விளைச்சல் என்றே எழுதவேண்டும் என்பாருண்டு. விளைச்சல் நல்ல சொல், தாராளமாக எழுதலாம். தாசில்தாரும் அரசாங்கக் காகிதங்களில் வட்டாட்சியர் ஆகிவிட்டார்; அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் வரிக்காரனோடு வந்த சொல்லை உழவன் தன் களத்துச் சொல்லாக்கிக் கொண்டானே, அதை அவனிடமிருந்து பிடுங்க நமக்கு மனம் வரவில்லை.

பெரியவர் மூட்டையைத் தூக்கிக் கொண்டார். காணிக்கைத் தானியம்தான் மடைப்பள்ளியில் பேர்போன அழகர்கோவில் தோசையாகிறது. நெய்யும் மிளகும் மணக்க நாமும் ஒன்று வாங்கினோம். யார் வீட்டு மகசூலோ!