அலுமாரிக்குள் இருக்கும் அந்த இறுவட்டு

கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, பிள்ளையின் பிறந்தநாள் என எந்த நிகழ்வானாலும் 2000களில் அது ஓர் இறுவட்டாகித்தான் நமது வீடுகளுக்கு வந்தது. மேலே மணமக்களின் வண்ணப்படம் அச்சிட்ட வட்டமான ஸ்ரிக்கர் அழகாக ஒட்டப்பட்டிருக்கும். இடம்பெயர்ந்தபோது அடையாள அட்டையோடும் பிறப்புச் சான்றிதழோடும் அதையும் பையில் வைத்துக் காத்துக்கொண்டு போன பெண்கள் பலர். அந்தப் படத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர்களில் சிலர் இன்று நம்மிடையே இல்லை. சிலர் எங்கே என்ற கேள்விக்கு இன்றுவரை பதிலும் இல்லை. அவர்களுடைய குரலும் நடையும் மிஞ்சியிருப்பது அந்த ஒரு தட்டில் மட்டுமே.

அதை இப்போது போட்டுப் பார்த்தால் என்ன நடக்கிறது? தொடக்கம் நன்றாக ஓடுகிறது. போகப்போகப் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, குரல் விக்குகிறது, பிறகு அப்படியே நின்றுவிடுகிறது. பிளேயர் பழுது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் பழுது தட்டில்தான் இருக்கும்.

தட்டுக்குள் என்ன இருக்கிறது?

கடையில் விற்கும் திரைப்பட டிவிடியில் தகவல் நுண்ணிய பள்ளங்களாக அச்சில் அழுத்தப்பட்டிருக்கும். ஸ்ரூடியோவில் பதிந்து தரும் வெற்று டிவிடி அப்படியல்ல. அதற்குள் ஒரு சாயப் படை இருக்கிறது. லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டுத்தான் படத்தை எழுதுகிறது. எந்தச் சாயத்துக்கும் உள்ள குறை இதற்கும் உண்டு. வெயிலிலும் வெக்கையிலும் அது மங்கும்.

டிவிடி 1.2 மில்லிமீற்றர் தடிப்பானது. 0.6 மில்லிமீற்றர் தடிப்பான இரண்டு பிளாஸ்ரிக் தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிச் செய்யப்படுகிறது. சாயமும் ஒளியைத் திருப்பும் உலோகப் படையும் நடுவில் இருக்கின்றன. மலிவான வெற்றுத் தட்டுகளில் சாயம் எல்லா இடமும் ஒரே சீராகப் பூசப்படாமல் இருக்கலாம். விளிம்பில் ஒட்டு பலவீனமாக இருந்தால் ஈரக்காற்று உள்ளே புகுந்து உலோகப் படையைக் கெடுக்கும். பதிவு நடுவில் தொடங்கி வெளிவிளிம்பை நோக்கிப் போவதால், விளிம்பு கெடும்போது முதலில் போவது நிகழ்வின் கடைசிப் பகுதி. தொடக்கம் ஓடிப் பிற்பகுதி நிற்பதற்கு முக்கிய காரணம் இதுதான்.

அழகான ஸ்ரிக்கர் செய்யும் கெடுதி

பிளேயருக்குள் டிவிடி நிமிடத்துக்கு 570 முதல் 1,400 தடவை வரை சுழல்கிறது. கணினியில் அது 10,000 தடவையையும் எட்டலாம். அந்த வேகத்தில், சற்றே கோணலாக ஒட்டிய ஸ்ரிக்கர்கூடத் தட்டைச் சமநிலை தவறி ஆட வைக்கும். ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் டிவிடியின் தடங்கள் நூறளவு அடங்கிவிடும். அவ்வளவு நுண்ணிய தடத்தை ஆடும் தட்டில் லேசரால் பின்தொடர முடிவதில்லை.

அதோடு, கடதாசி ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். மாரியும் கோடையும் மாறிமாறி வரும் நமது ஊரில், ஒட்டிய கடதாசி வருடக்கணக்கில் தட்டை மெல்ல மெல்ல வளைக்கிறது. பிளேயரின் சூட்டில் பசை இளகி ஸ்ரிக்கரின் ஓரம் கிளம்பவும் கூடும். கிளம்பிய ஓரம் உள்ளே சிக்கினால் தட்டும் போகும், பிளேயரும் போகும். அமெரிக்காவின் தேசிய தரநிர்ணய நிறுவனம் 2003 இல் வெளியிட்ட பராமரிப்பு வழிகாட்டியும், நீண்டகாலம் வைத்திருக்கும் தட்டுகளில் ஸ்ரிக்கர் ஒட்டவேண்டாம் என்றே சொல்கிறது.

அப்படியானால் ஸ்ரிக்கரை உரித்துவிடலாமா? வேண்டவே வேண்டாம். சீடியில் உலோகப் படை மேற்பக்கத்தில், மெல்லிய பூச்சுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. ஸ்ரிக்கரை இழுத்தால் படமும் சேர்ந்து உரிந்து வரும். பிறகு அதை மீட்க வழியே இல்லை. டிவிடியில் படை நடுவில் இருந்தாலும், இழுக்கும்போது தட்டு வளைந்து ஒட்டு விட்டுவிடலாம். ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும்.

உடனே செய்யவேண்டியது

முதல் வேலை பிரதி எடுப்பது. தட்டு இன்னும் ஓடும்போதே எடுக்கவேண்டும். இப்போது புதிய மடிக்கணினிகள் பலவற்றில் டிவிடி போடும் இடமே இல்லை. எனவே பழைய கணினி வைத்திருக்கும் உறவினரிடமோ ஸ்ரூடியோவிடமோ கேளுங்கள். வெளியில் கொடுப்பதானால் இயன்றவரை கூடவே இருந்து, தட்டைக் கையோடு திருப்பி வாங்கி வாருங்கள். தட்டில் உள்ள கோப்புறைகளை முழுமையாகப் பென்ட்ரைவிலும் வேறொரு கணினியிலுமாக இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். வெள்ளமோ தீயோ வந்தாலும் மற்றது மிஞ்சும். பிரதி எடுத்ததும் கடைசிப் பத்து நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம்.

ஒரு பிளேயரில் ஓடாத தட்டு இன்னொன்றில் ஓடக்கூடும். இரண்டு மூன்று கருவிகளில் முயன்று பார்க்காமல் எறிந்துவிடாதீர்கள்.

தட்டைத் துடைக்கும்போது மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் வழியே நீளும். மழைநீர் பட்டிருந்தால் சுத்தமான நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். மண்ணெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம்.

தகரக் கூரைக்கு அருகிலும் யன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள். ஒவ்வொரு தட்டையும் அதற்குரிய பெட்டியில் இட்டு, புத்தகம்போல் நிமிர்த்தி, இருளான உலர்ந்த இடத்தில் வையுங்கள். பெயர் எழுதவேண்டுமானால் தட்டின் நடுவில் உள்ள தெளிவான வளையத்தில், நீர் மை கொண்ட மென்முனைப் பேனையால் எழுதுங்கள். குமிழ்முனைப் பேனை கீறிவிடும். விவரங்களைப் பெட்டியின் அட்டையில் எழுதலாம்.

ஸ்ரூடியோ அல்லது கணினிக் கடை நடத்தும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. மலிவு என்பதற்காக உறையில்லாமல் விற்கும் பெயரில்லாத தட்டுகளை வாங்காதீர்கள். பதியும்போது ஆகக்கூடிய வேகத்தைத் தெரிவு செய்யாமல் நடுத்தர வேகத்தில் பதியுங்கள். பதிந்து முடிந்ததும் கணினியிலேயே சரிபாருங்கள். மணமக்கள் படத்தைத் தட்டில் ஒட்டாமல் பெட்டி அட்டையில் அச்சிட்டுக் கொடுங்கள். டிவிடியோடு பென்ட்ரைவிலும் ஒரு பிரதி கொடுத்தால் வாடிக்கையாளர் என்றும் உங்களை நினைப்பார்.

இழந்த வீட்டைத் திரும்பக் கட்டலாம். இழந்த தளபாடத்தைத் திரும்ப வாங்கலாம். தம்பி சைக்கிளில் வந்து இறங்கிக் கையசைத்த அந்த அரை நிமிடத்தைத் திரும்ப எடுக்க முடியாது. இன்று மாலையே அலுமாரியைத் திறந்து அந்தத் தட்டைத் தேடி எடுங்கள்.